வாடிக்கையாளர் எழுதும் வார்த்தையில்தான் அடுத்தவர் தேடுகிறார்

நான் ஆன்லைனில் பை விற்கிறேன். முதுகில் மாட்டும் பை, லேப்டாப் பை, இரண்டு மூன்று நாள் பயணத்துக்கான பை, அவ்வளவுதான் கடை. ஆரம்பித்த நாளிலிருந்தே ஒவ்வொரு பையின் பக்கத்திலும் இருந்த விவரம், தயாரிப்பாளர் அனுப்பிய ஃபைலில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டியது. "600டி பாலியஸ்டர், 30 லிட்டர் கொள்ளளவு, எர்கோனாமிக் தோள் வார்" என்று இருக்கும். அதே பையை விற்கிற மற்ற கடைகளிலும் எழுத்துக்கு எழுத்து இதேதான் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்கும் அதே ஃபைல்தான் போயிருக்கிறது. எல்லோரும் ஒரே பத்தியை வைத்துக்கொண்டு நிற்கும்போது கூகுள் என் கடையை எதற்கு முன்னால் காட்ட வேண்டும்? காட்டவில்லை.

ஒருநாள், தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தருகிற சர்ச் கன்சோல் என்ற கருவியில், எந்தெந்தத் தேடல்களுக்கு என் பக்கங்கள் வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. "விமானத்தில் சீட்டுக்கு அடியில் வைக்கும் பேக்பேக்". இந்தத் தேடலுக்கு என்னுடைய ஒரே ஒரு பை மட்டும் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. நான் எந்த இடத்திலும் "சீட்டுக்கு அடியில்" என்று எழுதியதே இல்லை. பக்கத்தைத் திறந்து தேடினால், அது ஒரு வாடிக்கையாளர் எழுதிய ரிவ்யூ. எப்போதோ படித்துப் பிடித்துப்போய், அவரிடம் கேட்டுவிட்டு, விவரத்துக்குக் கீழே நானே எடுத்துப் போட்டிருந்தேன். "முன் சீட்டுக்கு அடியில் சரியாக உட்கார்ந்தது, 15.6 இன்ச் லேப்டாப் சார்ஜரோடு உள்ளே போகிறது, தண்ணீர் பாட்டில் வைக்கிற பக்கப் பாக்கெட் மட்டும் ரொம்ப இறுக்கம்." மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்.

நான் ஒட்டி வைத்திருந்த விவரம் மொத்தமும் செய்யாததை இந்த ஒரு வாக்கியம் செய்திருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிமையானது. விற்கிறவர் பையைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறார், அதனால் துணி, அளவு, எடை என்று எழுதுகிறார். வாங்கியவர் தன் பயணத்தை, தன் லேப்டாப்பை, தன் தோள்வலியை நினைத்துக்கொண்டு எழுதுகிறார். தேடுகிறவருக்கும் அதே நினைப்புதான். அவர் "30 லிட்டர்" என்று தேடுவதில்லை, 30 லிட்டர் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. "சீட்டுக்கு அடியில் போகுமா" என்பதுதான் அவருடைய கேள்வி. தினமும் வருகிற தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் யாருமே தேடாதவை என்று கூகுள் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. அப்படி வரப்போகிற வாக்கியங்களை நான் உட்கார்ந்து ஊகித்து எழுதிவிட முடியாது. ஆனால் நூறு பேர் நூறு விதமாக எழுதினால் அதில் பாதியாவது தானாகவே அந்தப் பக்கத்தில் வந்துவிடும்.

சரி, அப்படியானால் என் கடையில் ஏற்கெனவே நிறைய ரிவ்யூ இருந்ததே, அவை ஏன் எதையும் கொண்டுவரவில்லை? இந்தக் கேள்வி அன்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். ஒரு பையின் ரிவ்யூவில் இருந்து ஒரு நீளமான வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. சர்ச் கன்சோலில் யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒரு வசதி இருக்கிறது, உங்கள் பக்கத்தை கூகுள் எப்படி எடுத்து வைத்திருக்கிறது என்று அதன் எச்டிஎம்எல்லையே, அதாவது பக்கத்தின் மூல எழுத்தையே, காட்டும். அதில் போய்த் தேடினேன். பையின் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, தயாரிப்பாளரின் பத்தி இருக்கிறது, ரிவ்யூ ஒன்றுகூட இல்லை. நான் பயன்படுத்திய ரிவ்யூ ஆப், "ரிவ்யூக்களைப் பார்க்க" என்ற பட்டனை அழுத்தினால்தான் அவற்றைத் தன்னுடைய சர்வரில் இருந்து கொண்டுவந்து காட்டும். ஆள் அழுத்துவார். பக்கங்களைப் படித்து எடுத்துப் போகிற கூகுளின் நிரல், கூகுள்பாட், அழுத்தாது.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் எதுவும் தெரியாமல் இழக்கிறார்கள். பக்கத்துக்குள் ஓடுகிற நிரலான ஜாவாஸ்கிரிப்ட்டை கூகுள்பாட் ஓட்டிப் பார்க்காது என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள், அது தவறு. 2019 மே மாதத்தில் இருந்து அது குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் புதிய பதிப்பைப் பயன்படுத்துகிறது, பக்கம் திறக்கும்போது தானாக ஓடுகிற ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் அது பட்டனை அழுத்தாது, ஒரு மனிதர் போல விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போகாது. அழுத்தினால் மட்டுமே சர்வரில் இருந்து வரும் எழுத்து அதற்கு இல்லாத எழுத்துதான். அதே சமயம், ரிவ்யூ பகுதி மூடிய டேபுக்குள் இருந்தாலும், அந்த எழுத்து பக்கத்தின் எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருந்தால் பிரச்சினை இல்லை. மூடியிருப்பது கண்ணுக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இரண்டு வருடம் போய்விட்டது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் தங்கள் நேரத்தைச் செலவழித்து எழுதிக் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் மனது கஷ்டமாக இருக்கிறது.

ஆப் நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் சில ரிவ்யூக்களை நேரடியாகப் பக்கத்தின் எச்டிஎம்எல்லிலேயே எழுதும் ஒரு செட்டிங் இருக்கிறது, நீங்கள் அதை ஆன் செய்யவில்லை என்றார்கள். செய்தேன். உங்கள் ஆப்பில் அப்படி ஒன்று இல்லையென்றால் வேறு ஆப் பாருங்கள், மாறுவது தலைவலிதான், ஆனாலும் மாறுங்கள். இருக்கிற எல்லா ரிவ்யூவையும் ஒரே பக்கத்தில் கொட்ட வேண்டியதில்லை, பக்கம் கனத்துப்போய் மொபைலில் திறக்கவே நேரமாகும். முதல் பத்துப் பதினைந்து முதன்மைப் பக்கத்தில், மிச்சம் அடுத்தடுத்த பக்கங்களில், அவற்றுக்குப் போவதற்குப் பட்டனாக இல்லாமல் உண்மையான லிங்க். இது போதும்.

எழுத்து உள்ளே போய்ச் சேர்ந்த முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சர்ச் கன்சோலில் புதிய தேடல்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. எல்லாமே நீளமான வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருவரோ இருவரோதான். ஆனால் அந்த ஒருவர் வாங்குகிற எண்ணத்தோடு வருகிறவர். "பேக்பேக்" என்ற ஒற்றை வார்த்தைக்குப் பெரிய கடைகளோடு மோதுவதைவிட, "இரண்டு லேப்டாப் வைக்கும் அறை உள்ள பை" என்று தேடுகிறவர் ஒருவர் என் கடைக்கு வருவது எனக்குப் போதும்.

அடுத்தது, எப்படிக் கேட்பது என்பது. இதில்தான் எனக்கு அதிக நம்பிக்கை, அதனால் இதைப் பற்றி நிறையவே பேசுவேன். முன்பெல்லாம் பை போய்ச் சேர்ந்த மறுநாளே "உங்கள் அனுபவத்துக்கு ரேட்டிங் கொடுங்கள்" என்று தானாக ஒரு மெயில் போகும். பதிலாக வந்ததெல்லாம் "சூப்பர்", "நன்று", "சீக்கிரம் வந்தது", "ஓகே". மறுநாள் கேட்டால் அவர் என்ன எழுதுவார்? பையைப் பிரித்துப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். அதனால் டெலிவரி எப்படி என்றுதான் எழுதுவார். இதில் தேடுகிறவருக்கு ஒன்றும் இல்லை, கூகுளுக்கும் ஒன்றும் இல்லை.

இப்போது மூன்று வாரம் கழித்துத்தான் மெயில் போகிறது, அதில் நான்கு கேள்விகள். இதை எதற்காக வாங்கினீர்கள்? உள்ளே தினமும் என்னென்ன வைக்கிறீர்கள்? இதற்கு முன்னால் என்ன பை வைத்திருந்தீர்கள், அதில் என்ன பிடிக்கவில்லை? வாங்கும் முன் என்ன சந்தேகம் இருந்தது, இப்போது அது தீர்ந்ததா? கடைசிக் கேள்விதான் தங்கம். வாங்கும் முன் ஒருவருக்கு இருந்த சந்தேகம் அப்படியே இன்னொருவரின் தேடலாக இருக்கும். "மழையில் லேப்டாப் நனைந்துவிடுமோ என்று பயந்தேன், அரைமணி நேரம் நனைந்தும் உள்ளே ஈரம் இல்லை, ஜிப் ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்ற இரண்டு சொல்லை வைத்து நான் எத்தனை பத்தி எழுதினாலும் இந்த ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் வர முடியாது.

பதில் எழுதுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது, உண்மைதான். ரேட்டிங் மட்டும் அழுத்திவிட்டுப் போனவர்கள் நான்கு கேள்வியைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். ஆனால் "சூப்பர்" என்று பத்து இருப்பதைவிட நான்கு வரி எழுதிய ஒன்று இருப்பது மேல் என்பது என் முடிவு, இன்றுவரை அதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

எழுதி வந்ததைத் திருத்தாதீர்கள். எழுத்துப் பிழை இருக்கும், பேச்சு நடையில் இருக்கும், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள், ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலந்திருக்கும். இருக்கட்டும். தேடுகிறவர்களும் அப்படித்தான் அடிக்கிறார்கள். அதைவிட முக்கியம், அது அவருடைய எழுத்து. தேடலில் வர வேண்டும் என்று நாம் அதில் கீவேர்ட் சொருகினால் அது ரிவ்யூவே இல்லை.

இனி நட்சத்திரம். எஸ்இஓ, அதாவது தேடல் முடிவுகளில் மேலே வருவதற்கான வேலை, அதைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் பேசுவது இதைத்தான், நான் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. கூகுள் முடிவுகளில் சில கடைகளின் பெயருக்குக் கீழே மஞ்சள் நட்சத்திரமும் சராசரியும் எண்ணிக்கையும் தெரியுமே, அது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்கிற ஸ்கீமா என்ற குறியீட்டால் வருவது. 2011-ல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா டாட் ஆர்க் என்று ஒரு பொதுச் சொல்தொகுதியைத் தொடங்கின. அதில் பொருளுக்கு ப்ராடக்ட், சராசரி மதிப்பீட்டுக்கு அக்ரிகேட் ரேட்டிங், ஒவ்வொருவர் எழுதியதற்கும் ரிவ்யூ என்று வகைகள் இருக்கின்றன. ஜேசன்-எல்டி என்ற எழுதும் வடிவில் பக்கத்தில் வைத்தால் கூகுள் படித்துக்கொள்ளும், அதுவும் அந்த வடிவத்தைத்தான் பரிந்துரைக்கிறது. கடையின் தோற்றத்தை அமைக்கிற பெரும்பாலான தீம்களும் ரிவ்யூ ஆப்களும் இதைத் தாமாகவே செய்துவிடும்.

ஆனால் நட்சத்திரம் தெரிவதால் உங்கள் பக்கம் மேலே ஏறிவிடாது. இருக்கிற இடத்திலேயே கண்ணை இழுக்கும், நான்காவது இடத்தில் இருந்தாலும் ஆள் அதை அழுத்த வாய்ப்பு கூடும். அவ்வளவுதான் அதன் வேலை. குறியீடு சரியாக இருந்தாலும் காட்டுவதும் காட்டாததும் கூகுளின் விருப்பம். விதிகளும் உண்டு. குறியீட்டில் உள்ள ரேட்டிங் அந்தப் பக்கத்தில் ஆளுக்கும் தெரிய வேண்டும். அந்தக் குறிப்பிட்ட பொருளுக்கான ரேட்டிங்காக இருக்க வேண்டும், வேறு தளத்தில் இருந்து எடுத்துப் போடக் கூடாது. கடை முழுவதற்குமான சராசரியை முகப்புப் பக்கத்தில் போட்டு நட்சத்திரம் வாங்கலாம் என்ற பழைய வழி 2019 செப்டம்பரோடு முடிந்துவிட்டது, ஒரு நிறுவனம் தன் தளத்தில் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் ரிவ்யூவுக்கு அதற்குப் பிறகு கூகுள் நட்சத்திரம் காட்டுவதில்லை. மீறினால் கூகுளின் ஆட்களே பார்த்து விதிக்கிற தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வரும், நட்சத்திரம் மாதிரியான சிறப்புத் தோற்றங்களுக்கான தகுதி போய்விடும்.

எனக்கு வந்த சிக்கல் வேறு. தீம் ஒரு ப்ராடக்ட் குறியீட்டை எழுதியது, ஆப் இன்னொன்றை எழுதியது. ஒன்றில் விலை இருந்தது, ரேட்டிங் இல்லை. மற்றதில் ரேட்டிங் இருந்தது, விலை இல்லை. ஒரே பையை இரண்டு பையாகச் சொல்லிக்கொண்டிருந்த பக்கம். குறியீட்டைச் சோதித்துக் காட்டுகிற கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்டில் பக்க முகவரியைப் போட்டுப் பார்த்ததில்தான் தெரிந்தது. ஒன்றை நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் கொண்டுவந்த பிறகு சில வாரங்களில் நட்சத்திரம் தெரிய ஆரம்பித்தது. ஆப் மாற்றினாலோ தீம் மாற்றினாலோ இந்த டெஸ்ட்டை மறுபடியும் ஓட்டிவிடுங்கள். கூகுள் ஷாப்பிங்கில் நட்சத்திரம் வேண்டுமென்றால் அது தனி வழி, கடைக்காரர்களுக்கான கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரில் ப்ராடக்ட் ரேட்டிங்ஸ் திட்டத்தில் சேர வேண்டும், எல்லாப் பொருளுக்கும் சேர்த்துக் குறைந்தது 50 ரிவ்யூ கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2021-ல் கூகுள் கொண்டுவந்த ப்ராடக்ட் ரிவ்யூஸ் அப்டேட்டைப் படித்துவிட்டு, வாடிக்கையாளர் ரிவ்யூ சின்னதாக இருந்தால் கடைக்கு அடி விழும் என்று பயந்தவர்களைப் பார்த்தேன், நானும் கொஞ்ச நாள் பயந்தேன். அது பொருளை வாங்கிச் சோதித்துக் கட்டுரை எழுதுகிற தளங்களைப் பற்றியது. பொருள் பக்கத்தின் கீழே வாங்கியவர்கள் எழுதுவதை அந்த முறை மதிப்பிடுவதில்லை என்று கூகுளே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மோசமான ரிவ்யூக்களைப் பற்றி. அழிக்க வேண்டாம், இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ரிவ்யூவும் இல்லாத பொருளைவிட ஐந்து ரிவ்யூ உள்ள பொருளை வாங்கும் வாய்ப்பு 270 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருப்பது சராசரி 4.0 முதல் 4.7 வரை இருக்கும்போதுதான், 5-ஐ நெருங்க நெருங்க அது குறையத் தொடங்குகிறது. எல்லாமே ஐந்து நட்சத்திரமாக இருந்தால் நாமே நம்ப மாட்டோமே, வாடிக்கையாளர் மட்டும் எப்படி நம்புவார்? என் கடையில் வேலை செய்த முதல் ரிவ்யூவே மூன்று நட்சத்திரம்தான். அதில் இருந்த "பக்கப் பாக்கெட் இறுக்கம்" என்ற குறைக்குக் கீழே, எத்தனை சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டில் வரை போகும் என்று அளந்து பதில் எழுதினேன். அந்தப் பதிலும் பக்கத்தில் உள்ள எழுத்துதான், அதைத் தேடியும் ஆள் வருகிறார். மன்னிப்பு மட்டும் கேட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை ஒட்டிக்கொண்டே போனால் இது நடக்காது.

பொய் ரிவ்யூ எழுதித் தருகிறோம் என்று வாரம் ஒரு மெயிலாவது வருகிறது. அமெரிக்காவில் ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது, பொய் ரிவ்யூவை விற்பதும் வாங்குவதும் அபராதத்துக்குரியது. சட்டம் இல்லாத இடத்திலும் இது வேண்டாம். பையைத் தொட்டே பார்க்காதவர் "அருமையான தரம்" என்றுதான் எழுதுவார், அதை யாரும் தேடுவதில்லை. திருப்தியானவரிடம் மட்டும் ரிவ்யூ கேட்டு, மற்றவரைத் தனியாக ஒரு படிவத்துக்கு அனுப்புகிற வேலையும் இதே வகைதான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஒரே பைக்குக் கறுப்பு, நீலம், சாம்பல் என்று மூன்று பக்கம் வைத்திருந்தேன், ரிவ்யூ மூன்றாகச் சிதறிக் கிடந்தது. ஒரே பக்கமாக்கி, பழைய இரண்டு முகவரிகளையும் அதற்குத் திருப்பிவிட்டேன். நிறம் மட்டும் வேறென்றால் சேர்க்கலாம், அளவோ அமைப்போ வேறென்றால் சேர்க்கக் கூடாது, அது படிக்கிறவரை ஏமாற்றுவது. உற்பத்தி நின்றுபோன பையின் பக்கத்தை நான் அழிப்பதில்லை, "இப்போது கிடைக்காது, இதற்குப் பதில் இது" என்று லிங்க் கொடுத்து ரிவ்யூவோடு விட்டுவிடுகிறேன். ரிவ்யூவுக்குள் யாராவது லிங்க் போட்டால் அதற்கு, இது பயனர் போட்டது என்று கூகுளுக்குச் சொல்கிற யுஜிசி என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள், 2019-ல் கூகுள் இதற்காகவே கொண்டுவந்தது. குப்பை விளம்பரமாக இருந்தால் ரிவ்யூவையே எடுத்துவிடலாம், அதில் தயக்கம் வேண்டாம்.

இப்போது மாதம் ஒருமுறை எல்லா ரிவ்யூவையும் உட்கார்ந்து படிக்கிறேன். ஒரு ஷீட்டில் ஒரு பக்கம் அவர்கள் சொன்ன வார்த்தை, மறுபக்கம் நான் எழுதி வைத்திருக்கிற வார்த்தை. நான் "மல்டி கம்பார்ட்மென்ட்" என்று எழுதியிருந்ததை அவர்கள் "அறை" என்கிறார்கள். நான் "ஸ்டெர்னம் ஸ்ட்ராப்" என்றதை "நெஞ்சுக்குக் குறுக்கே போடுகிற வார்" என்கிறார்கள். ஒரே விஷயத்தை மூன்று நான்கு பேர் சொன்னால் அது பக்கத்தின் விவரத்துக்குள் வந்துவிடும், இன்னும் அதிகம் பேர் சொன்னால் தலைப்புக்கே போகும். தயாரிப்பாளரின் பத்தி இப்போது ஒரு பக்கத்திலும் இல்லை. "சீட்டுக்கு அடியில் வைக்கும் பைகள்" என்று தனியாக ஒரு பிரிவுப் பக்கமே தொடங்கிவிட்டேன். அதில் இருக்கிற ஒவ்வொரு பையும் ரிவ்யூவில் யாராவது அப்படி வைத்துப் பார்த்துச் சொன்னது, என் ஊகத்தில் ஒன்றையும் சேர்க்கவில்லை.

போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார், "குழந்தையை முன்னால் கட்டிக்கொண்டு இதைப் பின்னால் மாட்டினால் இரண்டு வாரும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதில்லை" என்று. அப்படி ஒரு பயன்பாட்டை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதே பையை வாங்கிய மற்றவர்களில் யாராவது குழந்தையோடு வெளியே போகும்போது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், நாளைக் காலை அனுப்ப வேண்டும்.